படகில் வந்தவருக்குக் குடியுரிமை கிடையாதா?

கேள்வி: வக்கீல் ஐயா, நான் கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். 1984-ல் வவுனியாவில் பிறந்தேன். அப்பா மலையகத்துக்காரர். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு வந்தவர். 1990-ல் எனக்கு ஆறு வயது இருக்கும்போது படகில் ராமேஸ்வரம் வந்தோம். முதலில் மண்டபம், அப்புறம் கும்மிடிப்பூண்டி முகாம். 2005-ல் இந்த ஊர்க்காரரைத் திருமணம் செய்துகொண்டேன். அவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மகன் கல்லூரியில் படிக்கிறான், மகள் பத்தாம் வகுப்பு. கணவர் இந்தியர் என்பதால் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். "உரிய பயணப் பத்திரம் இல்லாமல் நுழைந்ததால் நீங்கள் சட்டவிரோதக் குடியேறி, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது" என்று இரண்டே வரியில் கடிதம் வந்திருக்கிறது. வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. விமானத்தில் வந்ததாகவும் பாஸ்போர்ட் தொலைந்துபோனதாகவும் எழுதிப் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்கிறார் ஒரு தரகர். என்ன செய்வது? பிள்ளைகளுக்கும் சிக்கல் வருமா?

பதில்: சகோதரி, முதலில் அந்தத் தரகரை விட்டு விலகுங்கள். நீங்கள் 1990-ல் எப்படி வந்தீர்கள் என்பது மண்டபம் முகாம் பதிவேட்டில் இருக்கிறது. இலங்கை அகதிகளைக் கண்காணிக்கும் கியூ பிரிவு போலீஸ் கோப்பிலும் இருக்கும். குடியுரிமைக்காகத் தெரிந்தே பொய்த் தகவல் தந்தால், குடியுரிமைச் சட்டம் பிரிவு 17-ன்படி ஐந்து ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பொய்யால் லாபமும் இல்லை. விசாவோடு விமானத்தில் வந்து, காலம் முடிந்த பிறகும் தங்கியவரையும் அதே சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி' என்றுதான் சொல்கிறது. உங்கள் வழக்கின் பலமே நீங்கள் எதையும் மறைக்கவில்லை என்பதுதான். அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, கடிதத்தின் அடியில் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். டெல்லியில் உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவா, இங்கே ஓர் அதிகாரி போட்டதா? ஒன்றிய அரசின் உத்தரவு என்றால் பிரிவு 15ஏ-வின் கீழ் அதே அரசிடம் மறுஆய்வு மனு கொடுக்கலாம். கீழே உள்ள அதிகாரியின் உத்தரவு என்றால் பிரிவு 15-ன் கீழ் ஒன்றிய அரசிடம் சீராய்வு மனு. இரண்டுக்கும் கெடு, உத்தரவு தேதியிலிருந்து முப்பது நாள். கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. தபால் தாமதத்தில் எத்தனை நாள் போயிருக்கிறது என்று இன்றே கணக்குப் பாருங்கள். கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கெடு தாண்டினாலும் தக்க காரணம் காட்டினால் ஏற்கச் சட்டத்தில் இடம் உண்டு, அந்தக் காரணத்துக்கு உறையில் இருக்கும் முத்திரைதான் சாட்சி.

ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகமே மேலே அனுப்பாமல் 'தகுதி இல்லை' என்று திருப்பியிருந்தால் அது வேறு கதை. உங்கள் விண்ணப்பத்தில் முடிவெடுக்க வேண்டியது ஒன்றிய அரசு. கிழக்கு பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த சக்மா மக்கள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: குடியுரிமை விண்ணப்பத்தை உள்ளூர் அதிகாரிகள் தங்கள் மட்டத்திலேயே முடக்க முடியாது, ஒன்றிய அரசுக்கு அனுப்பத்தான் வேண்டும். அப்படி நடந்திருந்தால் உயர் நீதிமன்றத்தில் உங்கள் கை ஓங்கும்.

சரி, அந்த 'சட்டவிரோதக் குடியேறி' விஷயத்துக்கு வருவோம். நீங்கள் கரையேறிய 1990-ல் குடியுரிமைச் சட்டத்தில் இந்தத் தடையே கிடையாது. 2003-ல் திருத்தம் கொண்டுவந்து, 2004 டிசம்பர் 3 முதல் அமலாக்கினார்கள். அதிலிருந்துதான் பிரிவு 5-ன் கீழ் குடிமகனாகப் பதிவு செய்துகொள்ளவும், பிரிவு 6-ன் கீழ் இயல்புரிமை (நீண்ட காலம் வசித்ததால் கிடைக்கும் குடியுரிமை) பெறவும், சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனை வந்தது. இந்தியரை மணந்து ஏழு ஆண்டு இங்கே வசித்தவர் விண்ணப்பிக்கலாம் என்கிற பிரிவு 5(1)(சி)-யும் அதற்கு உட்பட்டதுதான். எனவே கடிதத்தில் இருப்பது சட்டத்தின் எழுத்துக்குப் பொருந்தும். அதை மறுத்து வாதாடினால் தோற்போம். வேறு பக்கமிருந்து போக வேண்டும்.

உங்களுக்குப் பக்கத்து வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். 1960-களில் கப்பலேறி வந்த அவர்களைத் தாயகம் திரும்பியோர் என்று அரசு கையைப் பிடித்து இறக்கியது. நீங்களும் அதே கடலைத் தாண்டி வந்தவர்தான். உயிர் பிழைக்க ஓடி வந்த ஆறு வயதுக் குழந்தையிடம் பாஸ்போர்ட் எங்கே என்று முப்பது வருடம் கழித்துக் கேட்பது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம்.

இப்போது முக்கியமான கேள்வி. உங்கள் அப்பாவின் பழைய தாள்கள் எங்கே? மலையகத்துக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். 1964 அக்டோபர் 30-ல் இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. தோட்ட வேலைக்காக இங்கிருந்து இலங்கைக்குப் போன குடும்பங்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா ஏற்பதாகவும், மூன்று லட்சம் பேரை இலங்கை ஏற்பதாகவும் பேச்சு. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பித்து, இந்தியக் குடிமகனாகப் பதிவாகி, இந்திய பாஸ்போர்ட்டும் வாங்கி, அதற்குப் பிறகும் கப்பலேற முடியாமல் அங்கேயே நின்றுபோனவர்கள் ஏராளம். 1984-ல் தலைமன்னார் கப்பலும் நின்றுவிட்டது. அப்புறம் போர், படகு, முகாம். முகாம் பதிவேட்டில் எல்லோரையும் ஒரே வரியில் 'இலங்கை அகதி' என்று எழுதிக்கொண்டார்கள்.

நீங்கள் பிறப்பதற்கு முன்பே உங்கள் அப்பா இந்தியக் குடிமகனாகப் பதிவாகியிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பிரிவு 4 பேசும். 1992 டிசம்பர் 10-க்கு முன் வெளிநாட்டில் பிறந்தவர், பிறந்த அன்று தகப்பன் இந்தியக் குடிமகனாக இருந்தால், வம்சாவளியால் இந்தியக் குடிமகள். நீங்கள் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கவே வேண்டியதில்லை, ஏற்கனவே குடிமகள். வெளிநாட்டவர் மட்டுமே சட்டவிரோதக் குடியேறி ஆக முடியும் என்பதால் கடிதம் அடியோடு விழுந்துவிடும்.

ஆகவே அப்பா, சித்தப்பா, அத்தை வீட்டு டிரங்குப் பெட்டிகளையெல்லாம் திறந்து பாருங்கள். கண்டியில் கொடுத்த பாஸ்போர்ட், குடும்ப அட்டை, பதிவுச் சான்றிதழ், தோட்டத்து பிறப்புச் சான்று என்று எது கிடைத்தாலும் லேமினேட் செய்யாமல் அப்படியே கொண்டுவாருங்கள். லேமினேட் செய்துவிட்டால் பின்பக்க முத்திரையையும் மையையும் சோதிக்க முடியாது. பாஸ்போர்ட்டில் குடியுரிமை கிடைத்த தேதியும், உங்கள் பிறப்புச் சான்றில் இருக்கும் தேதியும்தான் வழக்கு. விண்ணப்பித்த ரசீது மட்டும் இருந்தால் அது போதாது, ஆனாலும் இந்திய வம்சாவளி என்று காட்ட உதவும். அம்மா பெயரில் மட்டும் குடியுரிமை இருந்தால் உங்கள் காலத்தில் பிறந்தவர்களுக்கு அது பயன்படாது. அநியாயமான விதி, ஆனால் சட்டம் அப்படித்தான் இருந்தது. அப்பா பின்னாளில் இலங்கைக் குடியுரிமை வாங்கியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தாத்தா திருச்சியில் பிறந்தார், சேலத்தில் பிறந்தார் என்று சிலர் வருவார்கள். பிரிவு 5-ல் 'இந்திய வம்சாவளி' என்றால் நீங்களோ, உங்கள் அப்பா அம்மாவில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். தாத்தா கணக்கில் வராது.

அப்பாவின் தாள்கள் கிடைக்கவில்லை என்றாலும் வழி அடைபட்டுவிடவில்லை. 2019 ஜூனில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், முகாம்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் 65 பேரின் வழக்கில், அவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி உத்தரவிட்டார். விதிவிலக்கு தரும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் உள்ளடங்கியிருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பின் மையம். 2022 அக்டோபரில், அகதிப் பெற்றோருக்கு 1993-ல் இங்கே பிறந்த ஒரு பெண்ணின் வழக்கிலும் அவரே தீர்ப்பளித்தார். அண்டை நாடுகள் சிலவற்றிலிருந்து வந்த மதச் சிறுபான்மையினருக்கு வழிவிட்டு 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை, ஆனால் அதன் அடிப்படைக் கொள்கை இலங்கைத் தமிழ் இந்துக்களுக்கும் பொருந்தும் என்றார். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம். 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாதது குறித்த விதிகளிலிருந்து 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசே விலக்கு தந்தது. இது குடியுரிமை தரும் ஆணை அல்ல. ஆனால் ஒரு கையால் விலக்கு கொடுத்துவிட்டு, மறு கையால் அதே காரணத்தைச் சொல்லிக் கதவை மூடுவது நியாயமா என்று மனுவில் கேட்கலாம்.

உண்மை நிலையையும் சொல்லிவிடுகிறேன். அவை தனி நீதிபதியின் தீர்ப்புகள். நீதிமன்றம் 'பரிசீலி' என்று சொல்லுமே தவிர, தானே குடியுரிமையை எடுத்துக் கொடுக்காது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில், நாடுகடத்தலை எதிர்த்து ஓர் இலங்கைத் தமிழர் போட்ட வழக்கில், இந்தியா எல்லோரையும் ஏற்கும் தர்ம சத்திரம் அல்ல என்ற கடுமையான கருத்தும் வந்தது. அவர் உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்கில் தண்டனை பெற்றவர், உங்கள் நிலை வேறு. இருந்தாலும் எதிர்த்தரப்பு அதை மேற்கோள் காட்டும் என்று எதிர்பார்த்தே போக வேண்டும்.

மறுஆய்வு மனுவில் நீங்கள் எப்படி வந்தீர்கள் என்பதை ஒரு பத்தியில் மறைக்காமல் எழுதுங்கள். மீதி முழுவதும், வந்த பிறகு அரசு உங்களை எப்படி நடத்தியது என்பது. மண்டபத்தில் பதிந்த தேதி, அகதி அடையாள அட்டை, முகாம் உதவித்தொகை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், திருமணப் பதிவு, முகாமிலிருந்து வெளியே வந்தபோது உள்ளூர் காவல் நிலையத்தில் செய்த பதிவு என்று ஆண்டு வரிசையில் இணையுங்கள். அரசுக்குத் தெரியாமல் ஒளிந்திருந்தவர் இல்லை, அரசே பதிந்து, சோறு போட்டு, படிக்க வைத்தவர் என்பதுதான் வாதம். கோப்பில் என்ன குறிப்பு எழுதினார்கள் என்று தெரிய தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்தச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும் என்பதால் உங்கள் பெயரில் போட்டால் திருப்பிவிடுவார்கள். உங்கள் சம்மதக் கடிதத்தோடு கணவர் பெயரில் போடுங்கள், கட்டணம் பத்து ரூபாய்.

மறுஆய்வும் கைவிட்டால் அரசியல் சட்டத்தின் பிரிவு 226-ன் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. குடியுரிமை மறுப்பை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று குடியுரிமைச் சட்டத்தின் பிரிவு 14 சொல்கிறதே என்று பயப்பட வேண்டாம். அரசியல் சட்டம் தந்த ரிட் அதிகாரத்தை ஒரு சாதாரணச் சட்டம் பறிக்க முடியாது. நம் உயர் நீதிமன்றத்தில் வழக்கமாகப் போடும் 'சர்ட்டியொராரிஃபைடு மாண்டமஸ்', அதாவது அந்த உத்தரவை ரத்து செய்து புதிதாகப் பரிசீலிக்க ஆணையிடுங்கள் என்ற கோரிக்கைதான் உங்களுக்குப் பொருந்தும்.

பிள்ளைகள் விஷயம் உங்களைவிட எனக்குக் கவலையாக இருக்கிறது. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்ல என்றால்தான் பிறப்பால் குடியுரிமை. உங்களை அப்படி முத்திரை குத்திய கடிதம், அப்பா இந்தியராக இருந்தும், பிள்ளைகள் மீதும் விழலாம். ஆனால் அவர்கள் 'இந்தியாவுக்குள் நுழைந்தவர்கள்' அல்ல, இங்கே பிறந்தவர்கள். அதனால் அவர்களைச் சட்டவிரோதக் குடியேறி என்று சொல்ல வரையறையே இடம் தராது என்பது என் வாதம். மகள் பதினெட்டைத் தொடுவதற்குள் பிரிவு 5(4)-ன் கீழ், சிறப்புச் சூழ்நிலை காட்டி மைனராகப் பதிவு செய்யத் தனி மனு போடுங்கள். உங்கள் வழக்கு முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். மகன் மைனர் வயதைத் தாண்டியிருந்தால் அவருக்கு அந்த வழி கிடையாது, உங்கள் ரிட் மனுவில் அவரையும் மனுதாரராகச் சேர்க்க வேண்டியிருக்கும். இதற்கிடையில் அவருக்கு பாஸ்போர்ட் எடுக்க அவசரப்பட வேண்டாம். உங்களுக்குப் பிரிவு 4 பொருந்திவிட்டால், அப்பா அம்மா இருவருமே இந்தியர், பிள்ளைகளுக்குப் பிரச்சினையே இல்லை. அதனால்தான் டிரங்குப் பெட்டியை முதலில் சொன்னேன்.

ஊருக்குப் போய் இலங்கை பாஸ்போர்ட்டும் விசாவும் வாங்கிக்கொண்டு சட்டப்படி திரும்பி வா என்றும் யாராவது சொல்வார்கள். வெளியேற அனுமதி வாங்க வேண்டும், திரும்பி வர விசா தருவார்களா என்பது அவர்கள் விருப்பம், வசித்த ஆண்டுக் கணக்கும் முதலிலிருந்து தொடங்கலாம். பள்ளிப் பிள்ளையை விட்டுவிட்டு அந்த ஆபத்தில் இறங்க வேண்டாம்.

பணத்துக்குக் கவலைப்பட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987 பிரிவு 12-ன்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் வழக்கறிஞரை நியமிப்பார்கள். கடிதம், உறை, கையில் இருக்கும் சான்றுகள் எல்லாவற்றின் நகலையும் இரண்டு செட் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். மறுஆய்வு மனுவை ஸ்பீட் போஸ்டில், கைசேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள்.