அப்பாவின் அம்பாசடரும் 'தகர' காரும்

கேள்வி: 1980-களில் வாங்கிய அம்பாசடர் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. புது கார் வாங்கலாம் என்றால் அப்பா, "விரலால அழுத்தினாலே உள்ள போற தகரம், இடிச்சா அப்பளமா நொறுங்கிடும், அம்பாசடர் இரும்புடா" என்கிறார். அவர் சொல்வது சரியா?
- வாசகர், கரூர்

பதில்: தகரம் மெல்லிசு என்பது சரி. அதனால் பாதுகாப்பு குறைவு என்பதுதான் தவறு. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று 2009-ல் இதை மோதியே பார்த்துவிட்டது. 1959 செவர்லே பெல் ஏர் ஒரு பக்கம், 2009 செவர்லே மாலிபு எதிர்ப்பக்கம், இரண்டும் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில், ஓட்டுநர் பக்கத்துப் பாதி முகம் மட்டும் இடிக்கும்படி விட்டார்கள்.

படகு மாதிரி நீளமான அந்த பெல் ஏர்தான் உள்ளே மடிந்தது. முன் கண்ணாடி முழுசாகப் பெயர்ந்தது, ஓட்டுநரின் கதவு திறந்துகொண்டது, டேஷ்போர்டும் ஸ்டியரிங்கும் ஓட்டுநர் இடத்தில் ஆளுக்குப் பதிலாக உட்கார வைத்திருந்த பொம்மையின் மேலேயே வந்து ஏறின. ஆள் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவின் பானெட் கந்தலாகிவிட்டது, ஆனால் உட்காரும் இடம் அப்படியே நின்றது, ஓட்டுநருக்குக் காலில் அடிபட்டிருக்கும், அவ்வளவுதான். (பழைய காரில் இன்ஜினைக் கழற்றிவிட்டுத்தான் இடித்தார்கள் என்று அப்போது ஒரு வதந்தி கிளம்பியது. இன்ஜின் உள்ளேதான் இருந்தது.)

அப்பா 'அப்பளம்' என்று சொல்கிற அந்த நொறுங்கல்தான் உயிரைக் காக்கிறது. இடியின் வேகத்தை யாராவது வாங்கித்தான் ஆக வேண்டும். பானெட் கசங்கி வாங்கிக்கொண்டால் வண்டி நிற்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும், கசங்காவிட்டால் மொத்தமும் நெஞ்சுக்கும் கழுத்துக்கும் போகும். அதனால்தான் முன்பக்கத்தை மடங்கும்படியும், ஆள் உட்காரும் கூண்டை மட்டும் உறுதியான எஃகிலும் செய்கிறார்கள். விரலால் அழுத்திப் பார்க்கும் கதவுத் தகரம் வெறும் போர்வை.

அம்பாசடரோ 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த உடல். அந்தப் பின் சீட்டில் தூங்கிக்கொண்டே ஊருக்குப் போனவன் நான், அந்தச் சொகுசுக்கு ஈடே கிடையாது. ஆனால் உங்கள் வண்டியில் ஏர்பேக் கிடையாது, பின் சீட்டில் பெல்ட்டும் இருக்காது. குழந்தைகளோடு பைபாஸில் அதை ஓட்டாதீர்கள். விற்கவும் வேண்டாம், கோயிலுக்கும் கடைவீதிக்கும் அப்பா மெதுவாக ஓட்டட்டும்.

புது கார் எல்லாமே ஒரே தரம் இல்லை என்பதால், 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் (கார்களை மோதிப் பார்த்துப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் இந்தியத் திட்டம்) சோதனையில் நீங்கள் பார்க்கிற மாடல் எத்தனை நட்சத்திரம் வாங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். அப்புறம், பின் சீட்டில் அப்பா உட்கார்ந்தாலும் பெல்ட் போடச் சொல்லுங்கள்.