வியாழக்கிழமைத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்

கேள்வியைப் பார்த்தேன், தங்கச்சி. மெல்போர்னுக்கு வந்து மூன்று வாரம், பையன் ஒரு சின்ன கத்தோலிக்கப் பள்ளியில் பிரெப், அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தின வருடம், சேர்ந்திருக்கிறான், மொத்தமே தொண்ணூறு பிள்ளைகள். வாராவாரம் நியூஸ்லெட்டர் என்று ஏழெட்டுப் பக்கம் வருகிறது, பாதி புரியவில்லை, பூசைக்கு வா, பிக்னிக்குக்கு வா, வொர்க்கிங் பீக்கு வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நாங்கள் இந்துக்கள், இதற்கெல்லாம் போகத்தான் வேண்டுமா, அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைப்பார்களாமே, வேறு பள்ளி பார்க்கலாமா, அப்புறம் வாடகை, கார், லைசென்ஸ். இவ்வளவு கேட்டிருக்கிறீர்கள். வாடகைக்கும் காருக்கும் பதில் சொல்ல நூறு பேர் வருவார்கள், அதிலே அவர்களுக்குத் தனி சந்தோஷம். நான் பள்ளிக்கூடத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் நான் நன்றாக அடி வாங்கினேன்.

நாங்கள் வந்தது 2010 ஜனவரி. நாகர்கோவில் பக்கம் எங்கள் ஊர். கத்தோலிக்கப் பள்ளி என்றதும் எனக்கு ஒரு தெனாவட்டு. சிஸ்டர்மாரிடம் பன்னிரண்டு வருடம் படித்தவள், நமக்குத் தெரியாத கத்தோலிக்கப் பள்ளியா என்று. அப்போது நியூஸ்லெட்டர் போனில் வராது, வியாழக்கிழமை மதியம் மஞ்சள் தாளில் அச்சடித்து பிள்ளையின் பைக்குள் போட்டுவிடுவார்கள். அது பைக்கு அடியில் வாழைப்பழத்துக்குக் கீழே நசுங்கிக் கிடக்கும். நான் அப்போது இரண்டாவது பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு, எதைப் பார்த்தாலும் குமட்டல். தாளை எடுத்துப் பார்ப்பேன், பிரின்சிபாலின் வாழ்த்து, ஒரு செபம், பிறந்தநாள் பட்டியல், ரா‌ஃபிள் டிக்கெட். சரி, ஊர்க்கதை என்று குப்பையில் போட்டுவிடுவேன்.

முதல் புதன்கிழமை பையனைக் கொண்டுபோய் வாசலில் விட்டேன். விட்டுவிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துவிட்டேன், ஆபீஸ் அம்மா ஓடி வந்து கூப்பிடுகிறார். விக்டோரியாவில் பல பள்ளிகளில் பிப்ரவரி மாதம் முழுக்க பிரெப் பிள்ளைகளுக்குப் புதன்கிழமை கிடையாது. சின்னப் பிள்ளைகள், ஐந்து நாளும் தாங்க மாட்டார்கள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. அந்த நாளில் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே வரச் சொல்லி எழுத்து தெரியுமா, எண் தெரியுமா என்று உட்கார வைத்துப் பார்ப்பார், அதற்கு நேரம் குறித்துத் தருவார்கள். எல்லாம் தாளில் இருந்திருக்கிறது. என் பையன் ஆளில்லாத பிரெப் வாசலில் பையை மாட்டிக்கொண்டு நின்றான்.

இனி இந்தத் தப்பு நடக்காது என்று அடுத்தடுத்த புதன்கிழமைகளில் கெட்டியாக வீட்டில் வைத்துக்கொண்டேன். பிப்ரவரி 17 சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கும் நாள், பூசையில் நெற்றியில் சாம்பல் பூசுவார்கள். அன்றைக்கும் வைத்துக்கொண்டேன். மறுநாள் போனால் எல்லாப் பிள்ளைகள் கையிலும் ஒரு அட்டைப் பெட்டி, உண்டியல் மாதிரி, காரித்தாஸ் ஆஸ்திரேலியா என்ற கத்தோலிக்கத் தொண்டு நிறுவனத்தின் புராஜெக்ட் கம்பாஷன் பெட்டி, தவக்காலம் நாற்பது நாளும் சில்லறை போட்டுச் சேர்ப்பதற்கு. முந்தின நாள் பூசை முடிவில் கொடுத்திருக்கிறார்கள். பிரெப் பிள்ளைகள் அம்மா அப்பாவோடு பூசைக்கு மட்டும் வரலாம் என்று தாளில் கட்டம் கட்டிப் போட்டிருந்ததாம். கத்தோலிக்கப் பள்ளி எனக்குத் தெரியாதா என்று வந்தவள், சாம்பல் புதனுக்கு நெற்றியில் சாம்பல் இல்லாமல் பிள்ளையை நிறுத்தினேன். எங்கள் அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அதனால் முதல் விஷயம், அந்த நியூஸ்லெட்டரைப் படியுங்கள், அது இப்போது ஆப்பில் வந்தாலும் சரி. முழுவதையும் படிக்க வேண்டும் என்று இல்லை. பிரின்சிபாலின் வாழ்த்தைத் தாண்டிவிடலாம், அவர் போன வருடம் எழுதியதைத்தான் எழுதியிருப்பார். தேதிகள் இருக்கும் கட்டத்தை மட்டும் விடாதீர்கள். டீச்சர்களுக்கு மட்டும் பள்ளி, பிள்ளைகளுக்கு இல்லை என்று ஒரு நாள் வரும், அதைத் தவறவிட்டு யூனிபார்மோடு போய் நிற்காத தமிழ்க் குடும்பம் எனக்குத் தெரிந்து இல்லை. தாளில் ஒரு தட்டோடு வாருங்கள் என்று இருந்தால் தட்டில் ஏதாவது பலகாரத்தோடு வா என்று அர்த்தம், அது தெரியாமல் வெறும் தட்டைக் கொண்டுபோய் நின்ற கதையை உங்களுக்கு ஏற்கெனவே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

அடுத்தது தொப்பி. சிரிக்காதீர்கள். பள்ளி வருடத்தை நான்கு டெர்மாகப் பிரித்திருப்பார்கள், அதில் வெயில் காலத்தில் வரும் முதல் டெர்மிலும் நான்காவது டெர்மிலும் வெயிலுக்கு அகன்ற விளிம்புத் தொப்பி இல்லையென்றால் விளையாட விடமாட்டார்கள், நிழலில் உட்கார வைத்துவிடுவார்கள். நாம் கறுப்புத்தோல், நமக்கு வெயில் என்ன செய்யும் என்று வாதம் செய்யப் போகாதீர்கள், நான் செய்தேன், அந்த டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் அவனை நிழலில் உட்கார வைத்தார். ஒரு வாரம் உட்கார்ந்தான். முதல் வாரத்தில்தான் பிள்ளைகள் கூட்டாளி பிடிப்பார்கள், அந்த வாரம் முழுக்க இவன் மரத்தடியில். தொப்பி, தண்ணீர் பாட்டில், டிபன் டப்பா, அதன் மூடி, எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். மூடியில் தனியாக.

சாப்பாடு. இட்லி, தோசை, தயிர் சாதம் எது வேண்டுமானாலும் கொடுத்துவிடுங்கள், மணக்கும் என்று கூச்சப்படாதீர்கள். ஆனால் கடலை மிட்டாய், கடலைச் சட்னி, முந்திரி போட்ட எதுவும் கொடுத்துவிடும் முன் பள்ளியில் கேளுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், மூச்சு நின்றுவிடும் அளவுக்குப் போகும் ஒவ்வாமை. பங்கு போட்டுச் சாப்பிடக் கூடாது என்று நம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் பெரும்பாடு, கொடுத்துத் தின்னு என்று வளர்த்துவிட்டு இப்போது கொடுக்காதே என்றால் அது என்ன நினைக்கும்?

பூசைக்குப் போகணுமா என்று கேட்டீர்கள். டெர்ம் ஆரம்பத்தில் ஒரு பூசை வைப்பார்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தலைவர் பேட்ஜ் குத்துவார்கள், பிரெப் பிள்ளைகளை ஆறாம் வகுப்பு அண்ணன் அக்கா கையைப் பிடித்து அழைத்து வருவார்கள், அதைப் பார்க்கவாவது போங்கள். மதம் மாற்றிவிடுவார்களோ என்று நம் ஆட்கள் சிலர் காதோடு காதாகக் கேட்கிறார்கள். அட, மாற்றுவது இருக்கட்டும், இருக்கிற கத்தோலிக்கர்களைக் கோயிலுக்கு வரவழைக்கவே இவர்களால் முடியவில்லை. ஞாயிறு பூசையில் பார்த்தால் கேரளாக்காரர்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள், வியட்நாம்காரர்கள், நாங்கள், கொஞ்சம் கிழவிகள். பள்ளியில் சமயப் பாடம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, செபமும் உண்டு, அது சேரும்போதே தெரிந்த விஷயம். பூசையில் நற்கருணை அப்பம் வாங்கும் நேரம் கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகள் இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு போனால் சாமியார் ஆசீர் மட்டும் கொடுப்பார். முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை, உறுதிபூசுதல் போன்ற சடங்குகள் எல்லாம் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குத்தான், அதற்குத் தனியாகத் தயாரிப்பு. குறைந்த கட்டணம், நல்ல ஒழுக்கம் என்று தேடி வந்து சேர்த்துவிட்டு, பிறகு செபம் சொல்ல வைக்கிறார்கள் என்று வாட்ஸாப்பில் புலம்புகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு எரிச்சல். நீங்கள் அப்படி இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்கிறீர்கள், நல்லது.

கூட்டு வகுப்புக்காகப் பள்ளி மாற்ற வேண்டாம். தொண்ணூறு பிள்ளைகளை ஏழு வகுப்பாகப் பிரித்தால் வகுப்புக்கு பதின்மூன்று பேர், அதற்கு டீச்சர் வைக்கக் காசு ஏது? அதனால் இரண்டிரண்டாகச் சேர்ப்பார்கள். நானும் என் பையனை இரண்டாம் வகுப்பில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்தபோது ஃபெயிலாக்கிவிட்டார்கள் என்று அழுதேன். அது அப்படி இல்லை, அவனவன் நிலைக்கு ஏற்ற பாடம் அவனவனுக்கு. நாங்கள் வந்த அதே 2010 ஜனவரியில்தான் மை ஸ்கூல் என்ற அரசாங்க இணையதளம் வந்தது, ஒவ்வொரு பள்ளியும் நாப்லான் என்ற நாடு முழுக்க நடக்கும் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணையும் அதில் போட்டார்கள், நம் ஆட்களுக்குப் பொழுது போனது. அதைப் பார்த்துப் பார்த்து மூன்று பள்ளி மாற்றிய ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு ஒரு கூட்டாளி பெயர் சொல்லத் தெரியாது.

வொர்க்கிங் பீக்கு மட்டும் கட்டாயம் போங்கள். சனிக்கிழமை காலை பெற்றோர் எல்லாரும் மண்வெட்டி, துடைப்பத்தோடு வந்து பள்ளித் தோட்டத்தைச் சுத்தம் செய்வது, பிறகு ரொட்டியில் சாசேஜ் சுட்டு வைத்துச் சாப்பிடுவது. எங்கள் வீட்டுக்காரர் முதலில் மாட்டேன் என்றார். ஊரில் கட்டணம் கட்டிய பள்ளியில் அப்பாவைக் களை பிடுங்கச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பெரிய பள்ளியில் நீங்கள் வராதது யாருக்கும் தெரியாது. தொண்ணூறு பிள்ளைப் பள்ளியில் ஐம்பது அறுபது குடும்பம்தான், வராத ஆள் பளிச்சென்று தெரியும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பிறந்தநாளுக்குக் கூப்பிடும்போது உங்கள் முகம் அவர்கள் நினைவுக்கு வராது, அவ்வளவுதான்.

அங்கேதான் ஒரு பெரியவர், யாருடைய தாத்தாவோ, கழிப்பறைச் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டே எனக்கு ஒரு கதை சொன்னார். 1962-ல் நியூ சவுத் வேல்ஸில் கோல்பர்ன் என்ற ஊரில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியிடம் கூடுதல் கழிப்பறை கட்டு என்று அரசாங்கம் சொன்னதாம், கட்டப் பணம் இல்லை, அரசாங்கமும் தராது. உடனே ஊரில் இருந்த கத்தோலிக்கப் பள்ளிகளை எல்லாம் மூடி, ஏறக்குறைய 2,000 பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் போய்ச் சேரச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவு பேருக்கு அங்கே எங்கே இடம்? ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள், ஆனால் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு அரசுப் பணம் வருவதற்கு அது ஒரு காரணமாகிவிட்டது. இன்றைக்கு நாட்டில் ஐந்தில் ஒரு பிள்ளை இந்தப் பள்ளிகளில்தான் படிக்கிறது. கழிப்பறையில் ஆரம்பித்தது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கட்டணம் கஷ்டமாக இருந்தால் ஆபீஸில் வாய்விட்டுச் சொல்லுங்கள், குறைத்துத் தருவார்கள், வெட்கப்பட்டு மூச்சு விடாமல் இருந்துவிட்டு நிலுவைக் கடிதம் வந்த பிறகு அலறுவதுதான் நம் வழக்கம்.

அப்புறம், பிள்ளைகளோடு வெளியே போக, வகுப்பில் வாசிப்புக்கு உதவ, வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக் என்று, குற்றப் பின்னணி பார்த்து அரசாங்கம் தரும் அட்டை ஒன்று கேட்பார்கள். தொண்டர்களுக்கு விக்டோரியாவில் அது இலவசம், ஐந்து வருடம் செல்லும். இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். இங்கிலீஷ் சரியில்லை, நான் என்ன வாசிக்க என்று நினைக்காதீர்கள், பிரெப் பிள்ளைக்கு உங்கள் இங்கிலீஷ் தாராளம். பிள்ளையை விட வரும்போது வாசலில் தமிழ் அம்மாக்களோடு மட்டும் வட்டம் கட்டி நிற்காதீர்கள், ஐந்து நிமிடம் நில்லுங்கள், பிறகு நகர்ந்துவிடுங்கள்.

எனக்கு அந்தத் தாளோடு ராசி ஆனது எப்போது என்றால், அதே பிப்ரவரி கடைசியில். மேரி மக்கில்லப் என்ற கன்னியாஸ்திரீக்கு அக்டோபர் 17-ல் புனிதர் பட்டம் என்று பிப்ரவரி 19 அன்று ரோமில் அறிவித்தார்கள், ஆஸ்திரேலியாவின் முதல் புனிதர், பிறந்ததே இங்கே மெல்போர்னில் ஃபிட்ஸ்ராயில். அடுத்த வியாழக்கிழமைத் தாள் முழுக்க அவர்தான். 1866-ல் பெனோலா என்ற ஊரில் ஒரு குதிரை லாயத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆரம்பித்ததும், 1871-ல் ஆயரே, அதாவது பிஷப்பே, அவரைத் திருச்சபையை விட்டு விலக்கிவைத்ததும், சில மாதத்தில் அது நீங்கியதும் எல்லாம் போட்டிருந்தது. முதல்முதலாக எனக்கு முழுக்கப் புரிந்த தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் அம்மாவிடம் போய் எங்கள் ஊர் சிஸ்டர்மாரைப் பற்றி என் உடைந்த இங்கிலீஷில் பத்து நிமிடம் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு புராஜெக்ட் கம்பாஷன் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். மீதி இருந்தது என்றார். எடுத்து வைத்திருந்தாரோ என்னவோ.

பையன் இப்போது யுனிவர்சிட்டியில். வயிற்றில் இருந்தவள் 2022-ல் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. அந்த வருடம் மே 15-ல் எங்கள் மாவட்டத்துத் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். நானே பிரின்சிபாலிடம் போய், நட்டாலத்தில் பிறந்த ஆள், ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் 1752-ல் சுட்டுக் கொன்றார்கள், நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். அரைப் பக்கம் கொடுத்தார். பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள், விடுவேனா, அடுத்த வியாழக்கிழமை திருத்தம் போட வைத்தேன். இரண்டு தாளையும் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.