பாலக்கோடு: 6 ஏக்கர் மானாவாரி நிலத்தால் உரிமைத்தொகை நிராகரிப்பா?

பாலக்கோட்டில் 6 ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கும் அம்மாவின் மகளிர் உரிமைத்தொகை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். 6 ஏக்கர் மானாவாரி என்பதற்காக மட்டும் அதை மறுக்க முடியாது. வரம்பு நன்செய்க்கு 5 ஏக்கர், புன்செய்க்கு 10 ஏக்கர்; மானாவாரி நிலம் புன்செய்தான்.

ஆனால் பட்டாவில் அந்த நிலம் தவறாக நன்செய் என்று பதிவாகியிருக்கலாம். இணையத்தில் பட்டா-சிட்டா எடுத்து, நன்செய், புன்செய் பத்திகளைத் தனித்தனியாகப் பாருங்கள். நிலத்தில் மோட்டார் இருந்தால் அதற்கு ஆகும் கரண்டை நினைத்துப் பயப்பட வேண்டாம்; ஆண்டுக்கு 3600 யூனிட் என்ற வரம்பு வீட்டு இணைப்புக்குத்தான்.

புன்செய் என்றே இருந்தால், நிராகரிப்புக் குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையத்தில் மேல்முறையீடு போடுங்கள். தர்மபுரி கோட்டாட்சியர்தான் முடிவெடுப்பார். தாமதிக்காதீர்கள், உரிமையுள்ள பணம் இது.

ஒன்று மட்டும்: குடும்பத்தில் யார் பெயரிலாவது, அரசு மானியத்தில் வாங்காத சொந்த டிராக்டரோ காரோ இருந்தால், நிலக்கணக்கு சரியாக இருந்தாலும் தகுதி கிடையாது. அதை முதலில் விசாரித்துவிடுங்கள்.