நினைத்தது ஒன்று, வந்தது வேறொன்று

அன்புள்ள ஐயா,

நான் எழுதியதிலேயே சிறந்தது என்று நம்பிய கதையை, மதிப்புக்குரிய நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். "முதல் மூன்று பக்கம் தேவையே இல்லை" என்று பதில் வந்தது. வயிற்றில் சுருக்கென்றது. அதற்குக் கீழே அவர் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். எதுவும் மண்டையில் ஏறவில்லை. இரண்டு நாள் கழித்து வாசித்தால், பாதி பாராட்டு! அரைமனதாக அனுப்பிய இன்னொரு கதையை அவர் ஆகா ஓகோ என்றபோதும் இதே தடுமாற்றம்தான். இது அகங்காரமா, மூளைக் கோளாறா? பழகினால் போய்விடுமா? கதையை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அகங்காரம் எல்லோருக்கும் உண்டு, உங்களுக்கும் இருக்கும். ஆனால் அந்தச் சுருக்கை முழுவதும் அதன் கணக்கில் எழுத வேண்டாம். பாராட்டுக்கும் அதே தடுமாற்றம் என்கிறீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது.

நிறைந்திருக்கிறது என்று நினைத்து வாளியைத் தூக்குகிறோம், காலி. கை விசுக்கென்று மேலே போகிறது. வாளியில் ஒரு குறையும் இல்லை, எவ்வளவு கனக்கும் என்று முன்கூட்டியே போட்ட கணக்குதான் தப்பு. மூளை எந்நேரமும் இப்படிக் கணக்குப் போடுகிறது. வந்தது கணக்கோடு ஒத்துப்போனால் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

இதை நியூரான் (நரம்பணு) அளவில் காட்டியவர் நரம்பியல் அறிஞர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைத்தால் குரங்கின் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நியூரான்கள் படபடவென்று துடிக்கின்றன. சாறுக்கு முன்னால் தவறாமல் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும் துடிப்பு விளக்குக்கு இடம்பெயர்கிறது, சாறுக்கு ஒன்றும் இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால்? அது வந்திருக்க வேண்டிய அதே தருணத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்குகிறது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அவை சொல்கின்றன என்று 1997-ல் ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மாண்டேக் மூவரும் எழுதினார்கள். டோபமைனை 'இன்ப ரசாயனம்' என்று ஆளாளுக்குச் சொல்லித் திரிகிறார்கள். பழகிப்போன சாறுக்கு இந்த நியூரான்கள் வாயே திறப்பதில்லை என்பதை அவர்களிடம் யாராவது சொன்னால் தேவலை.

சரி, குரங்கின் சாறு எங்கே, நண்பரின் கடிதம் எங்கே? மனிதர்களிடம் வருவோம். அதே 1997-ல் மில்ட்னர், பிரவுன், கோல்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு விநாடி ஆகிவிட்டது என்று தோன்றும்போது பொத்தானை அழுத்த வேண்டும். சரியா தப்பா என்று பதில் வரும். 'தப்பு' என்று வந்தால், ஏறக்குறைய கால் விநாடியில் மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்ததில் ஒரு சரிவு தெரிந்தது. பதில் கண் வழியே வந்தாலும், காது வழியே வந்தாலும், தொடுதலாக வந்தாலும் அதே சரிவு. அகங்காரம் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்திருப்பதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

உங்கள் கடிதத்துக்கு மிக நெருக்கமாக வருவது பட்டர்ஃபீல்ட், மெட்காஃப் என்ற உளவியல் ஆய்வாளர்கள் செய்த ஆய்வுகள். பொது அறிவுக் கேள்விகள் கேட்டு, ஒவ்வொரு பதிலிலும் எவ்வளவு உறுதி என்றும் கேட்டார்கள். பிறகு சரியான விடையைக் காட்டி, மறுபடி சோதித்தார்கள். ஆழமாக வேரோடிய தப்பைப் பிடுங்குவது கடினம் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். நடந்தது நேர்மாறு: அடித்துச் சொன்ன தப்புகள்தான், சந்தேகத்தோடு சொன்னவற்றைவிட அதிகமாகத் திருந்தின. 2001-ல் வந்த முடிவு இது. அப்புறம் இன்னொன்று செய்தார்கள். விடை காட்டப்படும்போதே மெல்லிய ஒலி ஒன்றையும் ஒலிக்கவிட்டார்கள். உறுதியாகச் சொன்னது தப்பானபோதும், தயங்கிச் சொன்னது சரியானபோதும் அந்த ஒலியை மற்ற நேரங்களைவிட அதிகமாகத் தவறவிட்டார்கள். கவனமெல்லாம் அந்த அதிர்ச்சிக்கே போய்விட்டது. நண்பர் எழுதிய மீதிப் பக்கம் உங்கள் மண்டையில் ஏறாததும், பாராட்டு உங்களைத் தடுமாறவைத்ததும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

இதனால் அகங்காரத்துக்கு விடுதலைப் பத்திரம் கொடுத்துவிட முடியாது. முதல் கால் விநாடி மூளையுடையது. அடுத்த இரண்டு நாள் உங்களுடையது. "அவருக்கு என்ன தெரியும்" என்று வாதாடுவது, கடிதத்தைத் தள்ளிவைப்பது எல்லாம் அந்த இரண்டு நாளில் நடப்பவை.

பழகினால் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். எதையும் எதிர்பார்க்காதவருக்குப் போய்விடும், கூடவே கற்றுக்கொள்வதும் போய்விடும். நான் செய்வது ஒன்றுதான். எதையும் யாருக்கும் அனுப்புமுன், அவர் என்ன சொல்வார் என்று ஒரு தாளில் எழுதிவைப்பேன். பதில் வந்ததும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். வலி குறைவதில்லை. ஆனால் எந்த இடத்தில் என் கணக்கு தப்பியது என்று தெரிகிறது. பல சமயம் அது கதையிலேயே இல்லை, அந்த வாசகரைப் பற்றிய என் ஊகத்தில் இருக்கும்.

உங்கள் கதையைப் படித்தேன். முதல் இரண்டு பக்கங்களைப் பற்றி நண்பர் சொன்னது சரி, எடுத்துவிடுங்கள். மூன்றாவது பக்கத்தில் அந்தப் பெண் சாவியைத் தேடும் இடம் இருக்கிறதே, அதைத் தொடாதீர்கள். நண்பர் அங்கே தவறுகிறார்.