ஷ்னைடர் தோற்றுப்போனவரா?

கேள்வி: சாலைக் கார் வடிவில் ஓடும் டூரிங் கார் பந்தயங்களின் ஓட்டுநர் பெர்ண்ட் ஷ்னைடரைப் போன இதழில் வானளாவப் புகழ்ந்திருந்தீர்கள். ஃபார்முலா ஒன்னில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் கீழே இறங்கி வந்தவருக்கு ஜெர்மனியில் எதற்கு இத்தனை ரசிகர்கள்?

பதில்: புள்ளி எடுக்கவில்லை, சரி. எந்தக் காரில் என்று பார்த்தீர்களா? 1987இல் ஃபார்முலா ஒன்னுக்குக் கீழ்ப்படியான ஜெர்மன் ஃபார்முலா த்ரீயில் பட்டம் வென்ற கையோடு அவருக்குக் கிடைத்தது ஸாக்ஸ்பீட் என்ற ஃபார்முலா ஒன் அணி. 1989இல் யமஹா எஞ்சினோடு வந்த அந்தக் காருக்கு வேகமே இல்லை. அந்த வருடம் பதிவுசெய்த கார்கள் அதிகம் என்பதால் வெள்ளிக்கிழமை காலையிலேயே ஒரு வடிகட்டல் சுற்று நடக்கும், அதில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால்தான் தகுதிச் சுற்றையே எட்டிப்பார்க்க முடியும். 16 பந்தயங்களில் ஷ்னைடர் இரண்டில் மட்டும் களம் இறங்கினார். அதே அணியில் இன்னொரு கார் ஓட்டிய அகுரி சுஸுகி பதினாறிலும் அந்தக் காலைச் சுற்றைத் தாண்டவில்லை. அந்த சுஸுகிதான் மறு வருடம் வேறு அணிக்குப் போய் ஜப்பானில் மூன்றாவதாக வந்தார். இப்போது சொல்லுங்கள், குறை யாரிடம்?

அப்புறம், 'கீழே' என்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஜெர்மன் டூரிங் கார் தொடரான டிடிஎம்மில் 43 வெற்றிகள், ஐந்து பட்டங்கள்: 1995, 2000, 2001, 2003, 2006. இடையில் செலவு எகிறி, ஓப்பலும் ஆல்ஃபா ரோமியோவும் விலகி, 1996 முடிவில் தொடரே நின்றுபோனது. ஷ்னைடர் ஜிடி எனும் ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்துக்குப் போய் 1997இல் அங்கேயும் சாம்பியன் ஆனார். 2000இல் டிடிஎம் திரும்பி வந்தபோது முதல் பட்டமும் அவருக்கே. ஃபார்முலா ஒன்னில் இரண்டு முறை உலக சாம்பியனான மிக்கா ஹாக்கினென் 2005 முதல் மூன்று வருடம் இதே தொடரில், ஷ்னைடர் ஓட்டிய அதே மெர்சிடிஸுக்காக ஓட்டினார். மூன்று பந்தயங்களை வென்றார், பட்டம் கிடைக்கவில்லை. இன்னொரு முன்னாள் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ழான் அலேஸிக்கும் கிடைக்கவில்லை. 2006இல் அவர்கள் இருவரும் ஓடிய களத்தில் 42 வயது ஷ்னைடர் சாம்பியன்.

ரசிகர்கள் எதற்கு என்றால், ஜெர்மானியருக்கு அந்தக் கால டிடிஎம் வீட்டு வாசலில் நின்ற கார்களின் சண்டை. உள்ளே முழுக்கப் பந்தய எந்திரம்தான், ஆனாலும் வெளித்தோற்றத்தில் அது பக்கத்து வீட்டு மெர்சிடிஸ், மாமனாரின் ஓப்பல். அந்தச் சண்டையில் 1992 முதல் 2008இல் டிடிஎம்மிலிருந்து ஓய்வு பெறும் வரை மெர்சிடிஸ் பக்கமே நின்ற மனிதரை 'மிஸ்டர் டிடிஎம்' என்று அவர்கள் அழைப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. இத்தனை வருடம் ஒரே இடத்தில் நின்று ஜெயிப்பது எவ்வளவு கஷ்டம்!

ஓய்வுக்குப் பிறகும் விட்டாரா? 2013இல், 49 வயதைத் தொட்ட வருடத்தில், துபாய், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங், பெல்ஜியத்தின் ஸ்பா ஆகிய மூன்று 24 மணி நேரப் பந்தயங்களையும் ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் 12 மணி நேரப் பந்தயத்தையும் தன் அணியினரோடு சேர்ந்து வென்றார்.