கோடு ஓடும்வரைதான் காப்பி

கேள்வி: அக்கா, தாராவியில் ஒரு தோல் பை பட்டறையில் கணக்கு எழுதுகிறேன், எக்ஸெல் 2016தான் இருக்கிறது. கண்ட்ரோல் சி போட்டுவிட்டு கண்ட்ரோல் வி அழுத்தினால் சில சமயம் ஒன்றுமே வருவதில்லை. வந்தாலும், தொகை வர வேண்டிய இடத்தில் 0 வருகிறது. புது கீபோர்டு வாங்கலாமா என்கிறார் முதலாளி.
- வாசகர், தாராவி, மும்பை

பதில்: வாங்க வேண்டாம் தம்பி. நோட்பேடைத் திறந்து அங்கே காப்பி, பேஸ்ட் செய்து பாருங்கள், வேலை செய்தால் கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது.

எக்ஸெலில் காப்பி செய்ததும் செல்லைச் சுற்றி விட்டுவிட்டு ஒரு கோடு ஓடுமே, உங்கள் வெர்ஷனில் அது ஓடுகிறவரைதான் அந்தக் காப்பி. நடுவில் வேறு செல்லில் ஏதாவது டைப் செய்தாலோ, எஸ்கேப் பட்டனில் கை பட்டாலோ, ஏன், பழக்கத்தில் ஒரு சேவ் போட்டால்கூட கோடு நின்றுவிடும், அப்புறம் கண்ட்ரோல் வி-யை எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை. அதனால் ஒட்டப்போகும் இடத்தில் தலைப்பு, தேதி எல்லாம் முதலில் போட்டு முடியுங்கள். காப்பி கடைசியில்.

0 வருவது வேறு கதை. நீங்கள் எடுத்துப்போவது தொகையை அல்ல, ஃபார்முலாவை. E2-வில் =C2*D2 என்று இருந்தால், 'இடப்பக்கம் உள்ள இரண்டு செல்லையும் பெருக்கு' என்றுதான் எக்ஸெல் புரிந்துகொள்கிறது. புது ஷீட்டில் அந்த இரண்டும் காலி, பெருக்கினால் 0. B பத்தியில் ஒட்டினால் இடப்பக்கம் இரண்டு பத்தி தள்ளிப் போக இடமே இல்லாமல் #REF! என்ற பிழை வந்து நிற்கும். காப்பி செய்தபின் கண்ட்ரோல் ஆல்ட் வி அழுத்துங்கள், ஒரு பெட்டி திறக்கும், அதில் V, பிறகு என்டர். தொகை மட்டும் வரும். இது கைப்பழக்கமாகிவிட்டால் மாதக் கடைசியில் பாதித் தலைவலி போய்விடும். கூகுள் ஷீட்ஸில் இதற்கு கண்ட்ரோல் ஷிஃப்ட் வி போதும்.

ஃபில்டர் போட்ட பட்டியலில் பல வரிகளை ஒன்றாக ஒட்டவே ஒட்டாதீர்கள், மறைந்திருக்கும் வரிகளிலும் போய் விழுந்து வேறு கடையின் பாக்கியை அழித்துவிடும், நமக்கோ கண்ணுக்கே தெரியாது. உடனே கவனித்தால் கண்ட்ரோல் இசட்.

கேள்வி: சம்பளப் பட்டியலில் ஒட்டிய 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடுகிறதே?
- வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: எண்ணாக எடுத்துக்கொண்டால் எக்ஸெல் 15 இலக்கம்வரைதான் வைத்துக்கொள்ளும். அந்தப் பத்தியை முதலில் டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு அப்புறம் ஒட்டுங்கள். ஏற்கெனவே 0 ஆனவை இப்படி மாற்றினாலும் திரும்பி வராது, பாஸ்புக்கைப் பார்த்து ஒவ்வொன்றாக அடிக்கத்தான் வேண்டும். இந்த மாதச் சம்பளம் அனுப்புவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.