வீட்ல மெயில் சர்வர், டிஎன்எஸ்: உங்க கேள்விகளுக்கு பதில்

கேள்வி கேளுங்கன்னு போன வாரம் சொன்னேன், நாப்பது கிட்ட வந்துடுச்சு. குடும்பத்து டொமைனை ஒம்போது வருஷமா வீட்ல ஒரு பழைய லேப்டாப்ல மெயில் அனுப்பி வாங்குற போஸ்ட்ஃபிக்ஸும் சேர்ந்த மெயிலை எடுத்துக் காட்டுற டவ்காட்டும் வச்சு ஓட்டிட்டு இருக்கேன், அதுல பட்டு தெரிஞ்சுக்கிட்டதைத்தான் சொல்ல முடியும். டிஎன்எஸ்னா எந்த டொமைன் பேருக்கு எந்த ஐபின்னு சொல்ற இணையத்து விலாசப் புத்தகம். வீட்ல இருந்து வெளிய போற மெயிலை மட்டும் ரிலே வழியா, அதாவது வேற ஒருத்தர் நடத்துற மெயில் சர்வர் வழியா அனுப்புங்கன்னு நான் சொல்றது உண்டு, அதைப் பத்தியும் கேட்டிருக்கீங்க. உதாரணத்துக்கு வர்ற ஐபி 203.0.113.25, டொமைன் எக்ஸாம்பிள்.காம். ரெண்டுமே உதாரணத்துக்குன்னே ஒதுக்கி வச்சது, அதனால தைரியமா எழுதுறேன்.

திருச்சி, காலேஜ் மாணவர்: அண்ணா, சின்னதா ஒரு விபிஎஸ்ல (வாடகை சர்வர்) பைண்ட்ங்கிற டிஎன்எஸ் சாஃப்ட்வேர் போட்டு, டொமைனோட ரெக்கார்டெல்லாம் இருக்கிற ஸோன் ஃபைல் நானே எழுதினேன். மெயில் சர்வர் வீட்ல இருக்கு. வெளிய இருந்து அனுப்புற மெயில் எதுவுமே வந்து சேரல.

தம்பி, டிஎன்எஸ்ஸை விட்டுட்டு முதல்ல ரவுட்டரை பாருங்க. ரவுட்டர் பேஜ்ல வான் (WAN) ஐபின்னு ஒண்ணு காட்டும், பிரவுசர்ல "என் ஐபி என்ன"ன்னு தேடினா ஒண்ணு வரும். ரெண்டும் வேற வேறயா இருந்தா, அதுலயும் ரவுட்டர்ல இருக்கிறது 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா, நீங்க சிஜிநாட்ல இருக்கீங்க, அதாவது ஒரே பப்ளிக் ஐபியை உங்க தெருவே சேந்து யூஸ் பண்ணுது, நீங்க என்னதான் போர்ட் ஃபார்வர்ட் பண்ணாலும் வெளிய இருந்து ஒருத்தரும் உள்ள வர முடியாது. கனெக்‌ஷன் குடுத்தவங்ககிட்ட ஸ்டேட்டிக் ஐபி கேளுங்க, மாசம் கொஞ்சம் கூட ஆகும். அது சரியா இருந்தா மெயில் வர்ற 25ம் போர்ட் திறந்திருக்கான்னு பாருங்க. அப்புறம்தான் எம்எக்ஸ், அதாவது டொமைனுக்கு வர்ற மெயில் எந்த சர்வருக்கு போகணும்னு சொல்ற ரெக்கார்டு. எம்எக்ஸ்ல ஐபி போடக்கூடாது, பேர்தான் போடணும், அந்த பேருக்கு நேரடியா ஐபி சொல்ற ஏ ரெக்கார்டு இருக்கணும், இன்னொரு பேரைக் காட்டுற சிநேம் இருக்கக்கூடாது. இவ்வளவும் பாத்துட்டு டிக் (dig, டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பாக்குற கமாண்ட்) அடிச்சு வந்ததை அப்படியே ஒட்டி அனுப்புங்க. "எல்லாம் சரியா போட்டேன்"ன்னு மட்டும் சொன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.

பெங்களூர்: ஸ்டேட்டிக் ஐபி வாங்கிட்டேன், மெயில் வருது, ஆனா ஜிமெயிலுக்கு அனுப்புனா 550 5.7.25ன்னு திரும்பி வருது. ஐபிக்கு பேர் சொல்ற பிடிஆர் ரெக்கார்டை என் டொமைன் பேனல்ல எத்தனை தடவை போட்டும் எடுக்கல.

எடுக்காது சார். நிறைய பேர் சறுக்குற இடம் இதுதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். பேர்ல இருந்து ஐபிக்கு போற வழி உங்க கையில இருக்கு, ஏன்னா டொமைன் உங்களோடது. ஐபில இருந்து பேருக்கு வர்ற வழி அந்த ஐபி யாரோடதோ அவங்க கையில இருக்கு. 203.0.113.25க்கு பேர் தேடும்போது அந்த நம்பரை திருப்பிப் போட்டு 25.113.0.203னு வச்சு, பின்னாடி இன்-ஆடர்.ஆர்பா சேத்துத்தான் கேப்பாங்க. அந்த மரமே வேற, அது உங்க பேனலுக்குள்ள வராது. நீங்க அங்க எத்தனை பிடிஆர் போட்டாலும் யாரும் அங்க வந்து பாக்க மாட்டாங்க.

கனெக்‌ஷன் குடுத்தவங்கதான் போட்டுத் தரணும். கஸ்டமர் கேர்ல எடுக்கிறவங்களுக்கு இது புரியறது கஷ்டம், நான் முதல் தடவை கேட்டப்போ ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ண சொன்னாங்க. "ரிவர்ஸ் டிஎன்எஸ், இந்த ஐபிக்கு இந்த பேர்"ன்னு ரெண்டே வரில எழுதி நெட்வொர்க் டீமுக்கு அனுப்ப சொல்லி கேளுங்க. போட்டதும் டிக் மைனஸ் எக்ஸ் அடிச்சு பாருங்க. வர்ற பேரை மறுபடி தேடினா அதே ஐபி வரணும், இந்த வட்டம் முடிஞ்சாத்தான் ஜிமெயில் ஒத்துக்கும். லேப்டாப்ல ஐபிவி6 ஓடிட்டு இருந்தா அதுக்கும் தனி பிடிஆர் வேணும். அதை வாங்க முடியலன்னா போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4ல மட்டும் போக சொல்லிடுங்க.

சேலம்: டிஎன்எஸ் மாத்தினா உலகம் பூரா பரவ 48 மணி நேரம் ஆகுமாமே?

எதுவும் பரவறது இல்ல. கேட்டவன் பதிலை டிடிஎல், அதாவது ரெக்கார்டுல குறிச்சிருக்கிற காலக்கெடு, முடியற வரைக்கும் ஞாபகத்துல வச்சிருப்பான், முடிஞ்சா மறுபடி வந்து கேப்பான், அவ்வளவுதான். டாட் காம் ரெஜிஸ்ட்ரி நேம் சர்வர் பேருக்கு குடுக்கிற டிடிஎல் 172800 நொடி, அதாவது சரியா 48 மணி நேரம், அதான் எல்லார் வாய்லயும் இந்த நம்பர் வருது. நேம் சர்வர் மாத்தினா அது பொருந்தும். ஏ, எம்எக்ஸ் மாத்த உங்க டிடிஎல்தான் கணக்கு. மாத்தறதுக்கு முந்தின நாளே அதை 300க்கு குறைச்சுடுங்க. ரெக்கார்டு போடறதுக்கு முன்னாடியே "வந்துடுச்சா"ன்னு தேடிப் பாக்காதீங்க, "இல்ல"ங்கிற பதிலையும் ஞாபகம் வச்சுக்குவாங்க, எவ்வளவு நேரம்னு ஸோன் ஃபைல் மேல எஸ்ஓஏ ரெக்கார்டுல இருக்கிற கடைசி நம்பர் சொல்லும்.

ஓசூர்: எந்த ரவுட்டர் வாங்கலாம்?

என் ஏரியா இல்லங்க, கடையில கேளுங்க.

மதுரை: எஸ்பிஎஃப் (என் டொமைன் பேர்ல யார் மெயில் அனுப்பலாம்னு சொல்ற ரெக்கார்டு) ரெண்டு போட்டேன், ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு ரிலேவுக்கு. டிகேஐஎம்மும் (மெயில்ல போடுற டிஜிட்டல் கையெழுத்து) ஃபெயில் ஆகுது.

ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு இருந்தா ரெண்டையுமே செல்லாதுன்னு தள்ளிடுவாங்க, ஒரே வரில சேத்து எழுதுங்க. அதுல மத்தவங்க எஸ்பிஎஃப்பை இழுத்து சேக்கிற இன்க்ளூட் போட்டுட்டே போகாதீங்க, மொத்தம் 10 தேடலுக்கு மேல போனா அதுவும் செல்லாது. டிகேஐஎம் விஷயம் வேற. கையெழுத்தை சரிபாக்கிற 2048 பிட் சாவி 400 எழுத்து கிட்ட வரும், அதை வைக்கிற டிஎக்ஸ்டி ரெக்கார்டுல ஒரு துண்டு 255க்கு மேல போக முடியாது, அதனால சாவி செஞ்சு குடுக்கிற ஓப்பன்டிகேஐஎம் சாஃப்ட்வேர் அதை மேற்கோள் குறி போட்டு துண்டு துண்டா உடைச்சுக் குடுக்கும். அதை அப்படியே காப்பி பண்ணி பேனல்ல ஒட்டுனா, சில பேனல் அந்த மேற்கோள் குறியையும் சாவிக்குள்ள சேத்துக்கும். டிக் அடிச்சு சாவி நடுவுல தேவையில்லாத குறி இருக்கான்னு பாருங்க, அனேகமா அதுதான்.

சிங்கப்பூர்: ரிலே வழியா அனுப்ப சொல்றீங்களே, அப்புறம் அது எப்படி சொந்த சர்வர் ஆகும்? என் மெயிலை இன்னொருத்தன் படிக்கக்கூடாதுன்னுதானே இவ்வளவு பாடும்.

கோவை: சிங்கப்பூர்காரர் சொல்றது சரி. நான் மூணு வருஷமா வீட்ல இருந்து நேராவேதான் அனுப்புறேன், ரிலே எல்லாம் பயந்தவங்களுக்கு.

தஞ்சாவூர்: கோவை அண்ணே, உங்களுக்கு நல்ல ஐபி அமைஞ்சுது. எனக்கு அமைஞ்சதுல என் அப்பாவோட இன்கம் டாக்ஸ் ஆடிட்டருக்கு போன மெயில் ஸ்பாம்ல கிடந்து கடைசி தேதியே போச்சு.

இதுல மூணு பேர் மாறி மாறி எழுதிட்டீங்க, அதனால என் பக்கத்தை முழுசா சொல்லிடுறேன். சிங்கப்பூர் நண்பர் கேட்டதுல நியாயம் இருக்கு. மெயிலை வழியில யாரும் படிக்காம மறைக்கிற டிஎல்எஸ், சர்வர் விட்டு சர்வர் போற ஒவ்வொரு தாவலுக்கும் தனித்தனியாத்தான் பூட்டு போடுது, நடுவுல ரிலே பூட்டைத் திறந்துட்டுத்தான் அடுத்த பூட்டு போடும், அதனால நீங்க அனுப்புற மெயிலை ரிலே நடத்துறவங்க பாக்க முடியும். இதை மறைச்சு பேசறது தப்பு. ஆனா ஜிமெயில் ஆளுக்கு அனுப்புனா அங்க கூகுள் கையிலதான் போய் விழப்போகுது, அதையும் யோசிங்க. உள்ள வர்ற மெயில் நேரா வீட்டுக்கே வரும், வருஷக்கணக்கா சேர்ற பெட்டி வீட்லயே இருக்கும். எனக்கு முக்கியம் அந்தப் பெட்டிதான்.

கோவை தம்பி, பிடிஆரோட நல்ல ஐபி அமைஞ்சா நேரா அனுப்புங்க, சந்தோஷம். ஆனா பயந்தவங்கன்னு சொல்லாதீங்க. வீட்டு கனெக்‌ஷன் ஐபி வரிசையில நிறைய, ஸ்பாமைத் தடுக்கிற அமைப்பான ஸ்பாம்ஹவுஸோட பிபிஎல் பட்டியல்ல இருக்கு. அது நீங்க ஸ்பாம் அனுப்புனீங்கன்னு சொல்ற பட்டியல் இல்ல, "இந்த வரிசையில இருந்து நேரா மெயில் வரக்கூடாது"ங்கிற பட்டியல். நீங்க ஒரு தப்பும் பண்ணாமலே அதுல இருப்பீங்க. யாரையும் நம்ப வேண்டாம்னா மூணாவது வழி ஒண்ணு இருக்கு: பிடிஆர் வைக்க விடுற விபிஎஸ் ஒண்ணு எடுத்து, அங்க இருந்து வீட்டுக்கு வயர்கார்டு டனல் (இணையத்து வழியா ஒரு தனிப்பாதை) போட்டு, அந்த ஐபி வழியாவே போகவும் வரவும் வச்சுடுங்க. பூட்டு திறக்கிறது வீட்டு சர்வர்லதான், விபிஎஸ் வெறும் குழாய். சிஜிநாட்ல மாட்டி ஸ்டேட்டிக் ஐபி கிடைக்காதவங்களுக்கும் இதேதான் வழி.

நெல்லை: நேத்து எம்எக்ஸ் மாத்தினேன், 48 மணி நேரம் காத்திருக்கணுமா?
வேலூர்: டிஎன்எஸ் பரவிடுச்சான்னு எந்த சைட்ல பாக்கலாம்?

மேல சேலத்துக்கு சொல்லியிருக்கேன், தயவு செஞ்சு படிங்க. உங்க டிடிஎல் எவ்வளவோ அவ்வளவுதான்.

கனடா: நேம் சர்வரையும் வீட்லயே வச்சா என்ன?

வைக்காதீங்க. ரெண்டு நேம் சர்வர் கேப்பாங்க, நீங்க ரெண்டு பெட்டியை ஒரே லைன்ல, ஒரே இன்வெர்ட்டர்ல வைப்பீங்க. அதை விட பெரிய பயம் டிஎன்எஸ் கேள்வி வர்ற 53ம் போர்ட். ரிகர்ஷனை, அதாவது எந்த பேரைக் கேட்டாலும் தேடிக் குடுக்கிற வேலையை, ஊருக்கே திறந்து விட்டா உங்க வீட்டு சர்வரை வச்சே இன்னொருத்தரை அடிப்பாங்க. 2013 மார்ச்ல ஸ்பாம்ஹவுஸ் மேல நொடிக்கு 300 கிகாபிட் அளவுக்கு வந்த தாக்குதல் இப்படி திறந்து கிடந்த சர்வர்களை வச்சு நடந்ததுதான். திறந்து வைக்காதீங்க.

யாழ்ப்பாணம்: அண்ணை, தமிழ்லயே டொமைன் எடுத்தால் மெயில் வேலை செய்யுமா?

செய்யும், இந்த கேள்வி வந்ததுல ரொம்ப சந்தோஷம். டாட் இலங்கை, டாட் இந்தியா, டாட் சிங்கப்பூர் மூணும் தமிழ்லயே இருக்கு. டிஎன்எஸ் உள்ள தமிழ் எழுத்து அப்படியே போகாது, எக்ஸ்-என்-கோடு-கோடுன்னு ஆரம்பிக்கிற ஒரு வடிவத்துக்கு மாத்தி வைப்பாங்க, ஸோன் ஃபைல்ல நீங்க எழுத வேண்டியது அதைத்தான். அப்படி மாத்தின பிறகு ஒரு பகுதி 63 எழுத்துக்கு மேல போகக்கூடாது, கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி கணக்கு, அதனால சின்ன பேரா எடுங்க. டொமைன் மட்டும் தமிழ்னா பெரும்பாலும் பிரச்சனை இல்ல. அட்டுக்கு (@) முன்னாடி இருக்கிற பேரும் தமிழ்ல வேணும்னா ரெண்டு பக்க சர்வருக்கும் மெயில் விலாசத்துல மத்த மொழி எழுத்தை ஏத்துக்கிற எஸ்எம்டிபி-யூடிஎஃப்8 முறை தெரிஞ்சிருக்கணும். போஸ்ட்ஃபிக்ஸ்ல 3.0ல இருந்து, 2015ல இருந்து இருக்கு, ஜிமெயில் அதுக்கு முந்தின வருஷமே ஏத்துக்க ஆரம்பிச்சுது. தெரியாத சர்வரும் நிறைய இருக்கு, அதனால இங்கிலீஷ்ல ஒரு மாற்று பேரும் வச்சுக்கோங்க.

விழுப்புரம்: கரண்ட் போனா வர்ற மெயில் போயிடுமா? பேக்கப் எம்எக்ஸ் (வீட்டு சர்வர் படுத்தா மெயில் வாங்கி வைக்கிற மாற்று சர்வர்) வேணுமா?

போகாது. ஒழுங்கான சர்வர் நாலஞ்சு நாள் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். பேக்கப் எம்எக்ஸ் வேண்டாம், ஸ்பாம்காரங்க அதைத்தான் முதல்ல தேடி வருவாங்க.

திருச்சி, மறுபடியும்: அண்ணா, சிஜிநாட் இல்ல, 25 திறந்திருக்கு. டிக் அடிச்சது இதோ, என் பேருக்கு பதிலா எக்ஸாம்பிள் போட்டிருக்கேன்: எம்எக்ஸ் 10 மெயில்.எக்ஸாம்பிள்.காம்.எக்ஸாம்பிள்.காம்.

பாருங்க தம்பி, டிக் ஒட்டினதும் ஒரே பார்வையில தெரிஞ்சுடுச்சு. டொமைன் ரெண்டு தடவை வந்திருக்கு. ஸோன் ஃபைல்ல பேர் கடைசில புள்ளி வைக்கல, புள்ளி இல்லன்னா பைண்ட் அது பாதி பேர்னு நினைச்சு டொமைனை தானே ஒட்டிக்கும். எங்க அக்கா கல்யாணத்துக்கு மண்டபம் பாத்துட்டு இருந்த வாரம் நானும் இதே புள்ளியை விட்டேன். மண்டபத்துக்காரங்க அனுப்புன மெயில் அப்படி ஒரு பேரே இல்லன்னு அவங்களுக்கே திரும்பி போயிடுச்சு, நாள் வேற ஒருத்தருக்கு போச்சு. அப்பா ஒரு வாரம் என்கிட்ட பேசல. காம்க்கு அப்புறம் புள்ளி வைங்க, மேல எஸ்ஓஏல இருக்கிற சீரியல் நம்பரை ஒண்ணு ஏத்துங்க, ஏத்தலன்னா ரெண்டாவது நேம் சர்வர் புதுசை எடுக்காது. ரீலோட் பண்ணிட்டு எம்எக்ஸோட டிடிஎல் முடிஞ்சதும் ஒரு மெயில் போட்டு பாத்துட்டு சொல்லுங்க.